ஊசி இல்லை

இரண்டே முக்காலுக்கு அடிக்கிற தொலைபேசியில்
யாரும் பெயர் சொல்வதில்லை.
தெமட்டகொடையிலிருந்து ஒருத்தி,
எடுத்த எடுப்பில்,
"அவர் ஊசி கோக்கிறார்" என்றாள்.

கோக்கட்டும் என்றேன், அரைத்தூக்கத்தில்.

"புறக்கோட்டையில தைக்கிற மனுசன்,
பகல் முழுக்க அதுதானே வேலை,
நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.
பொறகுதான் வெளங்கிச்சு,
கையில ஊசி இல்ல."

கேள்விகள் எழுதிய மட்டையை
விளக்கருகே இழுத்தேன்.
வாய் உலர்ந்திருக்கிறதா?
"நாக்கு அட்டை மாதிரி."
தோல்?
"இஸ்திரிப் பெட்டி."
கண்மணி?
டோர்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
"கண்ணுல நெறமே இல்ல. முழுக்கக் கறுப்பு."

தின்னவில்லையாம், குடித்தாராம்,
முட்டுக்கு.
தண்டவாளத்தோரம் முளைத்ததன் இலையைக்
காயவைத்துப் புகைக்கச் சொன்னானாம் யாரோ.
பீடியை விட்ட மனிதர்,
அதனால் அவித்தார்.

செடியின் பெயர்?
"சிங்களத்துல அத்தன. தமிழ்ல தெரியா."
ஊமத்தை, என்றேன்.
"ஊமையா? எங்க!
ஓயாமப் பேசுறார்,
மௌத்தான வாப்பாவோட."

ஒன்றும் குடிக்கக் கொடுக்காதே,
தனியே விடாதே,
ஆட்டோ பிடி. செடியையும் கொண்டு வா.

நாலரைக்கு அவர் வார்டுக்குப் போனார்,
செடி என் மேசைக்கு வந்தது
சீலைக்கடைப் பையில்.
காயில் முள். காய் சொல்லிவிடுகிறது.
பூ சொல்லவில்லை;
வெள்ளையாய், கூம்பாமல்,
பதிவேட்டின் மேல் சாய்ந்து
வாசம் விட்டுக்கொண்டிருந்தது.
பக்கத்தில் நான் பிரிக்காத சோற்றுப் பார்சல்,
உள்ளே அதன் சொந்தக்காரி
கத்தரிக்காய், மிளகாயோடு வதங்கி.

மூன்று மொழியில் பெயர் எழுதி,
இலையை எண்ணி,
தூக்கம் கலையக் கண்ணைக் கசக்கினேன்.
கை கழுவியது அதற்குப் பிறகு.

காலி வீதி பஸ்ஸில்
வலது கண் தனியாக விடிந்தது.
ஒழுங்கை முடிகிற இடமெல்லாம்
கடல் அந்தக் கண்ணுக்குள் மட்டும் கொட்டியது.
டிக்கெட்டைக் கிட்டப் பிடித்தால் எழுத்து கரைகிறது,
தள்ளிப் பிடித்தால் கொண்டக்டர் சிரிக்கிறான்.

பிழைத்துக்கொள்வார், காலையில் தண்ணீர் கேட்டாராம்.

என்ன நிற நூல் என்று
நான் கேட்கவில்லை.
மட்டையில் அந்தக் கேள்வி இல்லை.