நீல உருண்டைகள்

ஓவ்லு நகரில் கடல் உறைந்து
ஐந்தாவது வாரம்.
பனிச்செருப்பை உதறிவிட்டு
ஐலா கெம்ப்பைனன்
நிலத்தடி அறையைத் திறக்கிறாள்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே மேலே இருபத்திரண்டு.
அதுவும் சுண்டெலிக்குக் குளிர்தான்.
எல்லாருக்கும் தெரியும்,
சூடேற்றக் காசில்லை.

இடப்பக்க அடுக்குக்குப் பழுப்புத் தீவனம்,
கடித்தால் கடக்கென்று உடையும்.
வலப்பக்கத்துக்கு நீலம்.
நூறு கலோரியில் அறுபது கொழுப்பு,
பெரும்பாலும் பன்றியுடையது.
பிள்ளைகள் பிசையும் களிமண்போல விரலில் அப்பும்,
கையுறை கழற்றிய பிறகும் மணக்கும்.
நிறம் சும்மா அடையாளத்துக்கு,
அடுக்கு மாறிவிடக் கூடாதென்று.

வியாழன்தோறும் எடை.
வாலைப் பிடித்துத் தூக்க மாட்டாள் ஐலா.
அட்டைக் குழாயில் தானே ஏறவிட்டுத்
தராசில் வைப்பாள்.
இருபத்திநாலு கிராமில் தொடங்கியவை
பதினாறாம் வாரம் ஐம்பதைத் தொட்டன.
குழாய் போதவில்லை.
அகலமானது வாங்க
மூன்று கையெழுத்து தேவைப்பட்டது.

கொழுப்பு என்றால் நம் பேச்சில் திமிரும்தான்.
'உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு' என்கிறோம்.
நுண்ணோக்கியில் பார்த்தால்
அங்கே திமிர் ஒன்றும் இல்லை.
வந்த சரக்கை வேண்டாமென்று சொல்லத் தெரியாத
ஒரு கிடங்குக்காரனின் சங்கடம்தான்.
செல் முழுக்க ஒரே எண்ணெய்த் துளி.
பந்தியில் இடம் கிடைக்காதவன்போல
உட்கரு சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறது.
வீங்க வீங்க ரத்தக்குழாய் எட்டிப்போகிறது,
மூச்சு முட்டுகிறது.
இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது,
உள்ளே காது மந்தம்.
'போதும்' என்று மூளைக்கு எழுதிய கடிதங்களோ
அங்கே பிரிக்காமலே குவிகின்றன.
இடமில்லாத எண்ணெய்
சொல்லாமல் வந்த விருந்தாளியாய்க்
கல்லீரலில் போய்ப் படுக்கிறது.
பிறகொரு நாள் செல் செத்துப்போகும்.
விழுங்கணுக்கள் சுற்றிலும் உட்கார்ந்து
மிச்ச எண்ணெயைத் தின்னும்.
அந்த வட்டத்துக்குக் கிரீடம் என்று பெயர்.
யார் வைத்தார்களோ.

ரத்தச் சர்க்கரை பார்த்த நாளில்
முப்பத்தொன்றாம் எண் வம்பு செய்தது.
எடை ஐம்பத்திரண்டு,
சர்க்கரை மட்டும் பழுப்புத் தின்றவைபோல.
எஸ்கோ கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தான்.
'கூண்டை மாற்றி வைத்துவிட்டாயா, ஐலா?'
அவள் பதில் சொல்லவில்லை.
கூண்டைச் சாய்த்து
மரத்தூளைக் கொட்டிக் காட்டினாள்.
தூளெங்கும் நீலத் துகள்.

வில்லையை அவனே பார்த்தான்,
நெடுநேரம்.
மற்றவற்றில் பூசணிபோல ஊதிய செல்கள்,
கிரீடம் கிரீடமாக.
இதில் சின்னச் சின்னதாய்,
சோப்பு நுரைபோல, எண்ண முடியாமல்.
ஒருவரும் வீங்காமல்
ஊர் பெருத்திருந்தது.
ஒரே வம்சம், ஒரே தீவனம்,
ஒரே குளிர்.
ஏன் என்று கேட்டால்
எஸ்கோவுக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது.

ஆறு எலிகளைப் பழுப்புக்குத் திருப்பினார்கள்.
எடை இறங்கியது, செல்லும் சுருங்கியது.
ஆனால் உட்கருவுக்குள்
திறந்த மரபணுக்களில் பல திறந்தபடி,
சாத்தியவை சாத்தியபடி.
மறுபடி நீலம் நீட்டியதும்
முதல்முறையைவிட விரைவாக ஊதின.
உடம்பு மெலிந்தது,
கணக்கு நேராகவில்லை.

மதியம் கம்பு ரொட்டிமேல்
வெண்ணெயைக் கனமாகத் தடவினாள் ஐலா.
எஸ்கோவின் கண் கத்தியோடு போய்வந்தது.
'வியாழக்கிழமை என்னையும் நிறுத்துப் பார்'
என்றாள்.
அவன் சிரித்தான், தாமதமாக.

கோடையில் கட்டுரை வந்தது.
நீலம் தின்றவை இருபத்துமூன்று.
விலகிய மதிப்பு நீக்கப்பட்டது என்று
அடியில் பொடி எழுத்து.
ஐலாவின் பதிவேட்டில்
இன்னும் இருபத்துநாலு.