முட்டு மடங்குது

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு.
இரவு ஒன்று நாற்பது.
பத்தொன்பதாம் கட்டிலுக்கு யூரின் பை மாற்றிவிட்டு
குளுக்கோஸ் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைக்கிறேன்.

திரையில் சுடலைவடிவு.
அறிவிப்பாளர் வாயில் அவள் பேர்
மூன்று துண்டாக உடைந்து விழுகிறது.
ஐம்பத்தொன்பது கிலோ, பி குரூப்.
பி குரூப் என்றால்
அந்த ஊரில் பகல் மூன்று மணி,
முக்கால்வாசி நாற்காலி காலி,
யாரோ ஒரு பிள்ளை கொடியைப் போர்த்தித் தூங்குகிறது.

காலையில் அவள் எதுவும் தின்றிருக்க மாட்டாள்.
எடை பார்க்கும்வரை
புளிப்பு மிட்டாயைக் கடைவாயில் ஒதுக்கி
எச்சிலைக் காகித டம்ளரில் துப்பியிருப்பாள்.
டம்ளருக்கு நூறு கிராம்.
வண்ணார்பேட்டை ஜிம்மில்
பேனாவால் கோடு போட்டு
யாருக்கு முதலில் நிறையும் என்று துப்பியவர்கள் நாங்கள்.

அவள் இடது கை நேராக நிற்காது.
ஐந்தாம் வகுப்பில் குறுக்குத்துறைப் படியில் வழுக்கி
மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டியது.
ஒட்டியது. ஒட்டிய விதம் சரியில்லை.
இங்கே எக்ஸ்ரேயை டியூப்லைட்டில் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம்
அந்த வளைவு யாருக்காவது இருக்கிறதா என்று தேடுவேன்.
கிடைத்ததில்லை.

பாளை ஸ்டேடியத்தில் மாநிலத் தேர்வு.
நான் தொண்ணூற்றாறு.
அவள் தொண்ணூற்றேழைத் தலைக்குமேல் நிறுத்தினாள்.
நாற்காலியை விட்டெழுந்து கத்தினேன்:
"சார், முட்டு மடங்குது!"

மடங்கவில்லை.
மடங்கியே இருந்தது.
இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்,
மூன்று வருஷம் அந்தக் கைக்குத் தைலம் தேய்த்தவளுக்கு.

சிவப்பு விழுந்தது.
ரயில் டிக்கெட் எனக்கு வந்தது.
போனேன். ஏழாவது இடம், ஒரு சான்றிதழ்.
அந்தச் சான்றிதழ்தான் இந்த வேலை,
இந்தப் பச்சைச் சேலை, இந்த ராத்திரி.

விதியில் இடமிருக்கிறது என்று
அப்புறம்தான் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.
நிமிராத கைக்காரர்கள்
போட்டிக்கு முன்னால் நடுவர்களிடம் காட்டிவிட வேண்டும்.
அன்றிலிருந்து ஊர் ஊராக
கண்டக்டரிடம் பாஸ் காட்டுவதுபோல
கையைக் காட்டிக்கொண்டு திரிகிறாள்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாள், பட்டாசுப் படத்தோடு.

முதல் தடவை நூற்றேழு. மூன்றும் வெள்ளை.
இரண்டாவது நூற்றுப்பத்து.
சிவப்பு, வெள்ளை, சிவப்பு.
நடுவர்களின் மொழி எது என்று தெரியாது.
தெரிந்து என்ன,
அந்த வாக்கியத்தை முதலில் சொன்ன வாய் இது.

மூன்றாவது. நூற்றுப்பதினொன்று.
கடிகாரம் ஓடுகிறது.
கம்பி பக்கம் போகாமல்
நடு நடுவருக்கு நேரே வந்து
சுண்ணாம்பு படிந்த இடது கையை நீட்டினாள்.
நீட்டியபடியே நின்றாள்.
ஒன்பது நொடி எண்ணினேன்.
அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

பிறகு குனிந்தாள்.
பெருவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்தாள்.
தோளுக்கு வந்தது.
எழுந்தபோது வலது முழங்கால் உள்ளே போய் வெளியே வந்தது,
எப்போதும்போல.
ஒரு மூச்சு.
மேலே.

அப்போது பார்த்தேன்.
மடங்கியது.
இந்தத் தடவை நிஜமாகவே,
ஒரு நூலளவு மடங்கி நிமிர்ந்தது.
உலகத்தில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய கண் இரண்டு.
அவை இங்கே பினாயில் வாடையில்,
ஒரு போனுக்கு எதிரே.

வெள்ளை.
வெள்ளை.
வெள்ளை.

வாயைப் பொத்தியிருந்தது என் கைதான்.
எப்போது போனது தெரியவில்லை.

பத்தொன்பதாம் கட்டில் புரண்டு கேட்டார்:
"என்ன தங்கச்சி, ஜெயிச்சாச்சா?"
"பதினாலாவது இடம்ணே."
"பதினாலுக்கா இப்படி மூச்சு வாங்குது?"