விண்ணப்பம்

வெள்ளி நள்ளிரவோடு வாசலடைக்கிறார்கள்.
இப்போது ஒன்பதே முக்கால்.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
திருத்தாத இருபத்தொன்பது கணக்குக் கொப்பிகள்.
கிரிம்ஸ்பித் துறைமுகத்துக் காற்று
யன்னல் கொக்கியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது.

திட்டத்தின் தலைப்பு?
'டோஸ்டர் ஒன்று, பாண்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
விதி நான்கு, கொட்டை எழுத்தில்:
உணவுக்கு நிதி இல்லை.
அறிவியலுக்கு உண்டு.
ஆகவே,
'அன்றாட வாழ்வில் வெப்பக் கடத்தல்:
மூன்றாம் வகுப்புக்கான செய்முறை ஆய்வு.'

நோக்கம்? ஆயிரத்தைந்நூறு எழுத்துக்குள்.

என் நோக்கம் கெய்டன்.
ஒன்பதேகாலுக்கெல்லாம் தலை கவிழ்ந்துவிடும்.
"தூங்கேல்லை மிஸ்,
மேசைக்குள்ள என்ன சத்தமெண்டு கேக்கிறன்."
என் நோக்கம் மெய்சியின் ஸ்வெட்டர்க் கை,
மணிக்கட்டிலிருந்து மேலேறிக்கொண்டிருக்கும்
அந்தப் பற்தடம்.
போன வருடம் வரை இவர்களுக்கு
பத்தரைக்கு ஒரு பழம் இலவசம்.
ஏழு வயதோடு பசி குறைந்துவிடும் என்று
யாரோ எங்கேயோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
காலை உணவுக்கு எட்டு மணிக்கு
மண்டபம் திறக்கிறதே என்பார் தலைமையாசிரியை.
திறக்கிறது.
ஒன்றரைப் பவுணுக்கு.

இதில் ஒன்றும் எழுதவில்லை.
'மாணவர்களின் கவனிக்கும் திறன் வளரும்'
என்று மட்டும் எழுதினேன்.
அதுவும் பொய் இல்லை.

கருதுகோள்:
வெப்பம் பட்டால் பாண் நிறம் மாறும்.
பாண் பட்டால் பிள்ளையும்.
இரண்டாவது வரியை நீக்கினேன்.

செலவு விபரம்.
நான்கு துண்டு டோஸ்டர், முப்பத்து நாலு பவுண்.
வெப்பமானி ஆறு, நம்பிக்கைக்காக.
வெண்ணெய் என்பதை 'உருகுநிலை மாதிரி' என்று போட்டேன்.
ஜாமுக்குப் பெயர் தேடிக் கால்மணி நேரம் போயிற்று;
'பாகுநிலைத் திரவம்' என்று வைத்துவிட்டு
தனியே சிரித்தேன்.
பிள்ளைகள் இருபத்தொன்பது, ஆளுக்கொரு துண்டு,
பள்ளி நாட்கள் நூற்றுத் தொண்ணூறு,
இருபது துண்டுக்கொரு பாண்:
இருநூற்று எழுபத்தாறு.
ஆய்வுப் பொருள் என்ற நிரலில்
அந்த எண் கொஞ்சம் கொழுத்துத்தான் தெரிந்தது.

பதினொன்றுக்கு அக்கா எடுத்தாள்.
என்னடி செய்யிறாய் இந்த நேரத்தில்?
விண்ணப்பம் எழுதுறன், என்றேன்.
சொன்ன பிறகுதான் சொல்
கைக்குள் இரண்டாகப் பிய்ந்தது.
விண். அப்பம்.
நடுவில் இரட்டித்த ண்
இரண்டு துண்டுக்கு இடையில் தடவிய வெண்ணெய்போல.
இவ்வளவு காலம் எத்தனை விண்ணப்பம்,
விசாவுக்கு, வீட்டுக்கு, வேலைக்கு,
ஒருநாளும் கடித்துப் பார்க்கவில்லை.
அக்கா, பிறகு எடுக்கிறன் என்றேன்.

கடைசிக் கேள்வி நிமிர்ந்து உட்கார வைத்தது:
ஒரே பரிசோதனை,
ஒவ்வொரு நாளும் ஏன்?

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு நிறுத்தாமல் எழுதினேன்:
ஒருமுறை கிடைத்ததை அறிவியல் முடிவாக ஏற்பதில்லை.
நேற்றுக் காலை கிடைத்த முடிவு
இன்று காலை இருப்பதில்லை என்பதை
இவ்வகுப்பில் நேரில் அவதானித்துள்ளேன்.
ஆகையால் மீண்டும்.

மேலே உள்ளவை யாவும் உண்மை என
ஒரு சிறு பெட்டி சரி கேட்டது.
விரல் நின்றது.
வெப்பமானி பிடிக்க உண்மையாகவே பழக்க வேண்டும் இனி.
கருகிப்போனால் பிழையா மிஸ் என்று
கெய்டன் கேட்பான்.
கருகினதும் ஒரு முடிவுதான், எழுதிக்கொள் என்பேன்.
சரி போட்டேன்.

பதினொன்று ஐம்பத்தாறு.
கிடைத்தது, ஆறு வாரத்தில் அறிவிப்போம் என்று
இயந்திரம் உடனே பதில் போட்டது.

ஆறு வாரம். முப்பது காலை.

எங்கள் வீட்டு டோஸ்டரைக் கவிழ்த்துத்
தூளைக் கொட்டினேன், வடத்தைச் சுற்றினேன்.
ஆனால் மின்பரிசோதனை ஒட்டுத்தாள் இல்லாத எதையும்
பள்ளிச் சுவரில் செருக விடமாட்டார்
பராமரிப்பாளர் டிரான்ஸ்ஃபீல்டு.
அவருக்குப் படிவம் கிடையாது.
திங்கள் ஏழரைக்குக் கொதிகலன் அறை வாசலில்
நேரில் நின்று கேட்க வேண்டும்.