ஒரு சாண் தூரம்

கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ,
ஒரு சாண் இருக்கும்போது நில் என்றான்
லென்ஸை வாடகைக்குத் தந்த ஹட்டன் ஸ்டூடியோ நிஸ்தார்.
தள்ளி நின்றால் எல்லாம் எறும்பு.
ஒட்டிப் போனால்தான் இது மீன்கண்.

எந்த மீன் என்று நான் கேட்கவில்லை.
சந்தையில் ஐஸின்மேல் கிடக்கும் சாளை
தராசை, குண்டு பல்பை, பேரம் பேசும் கைகளை
ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.
இதுவும் அப்படித்தான். இமை கிடையாது.
மூடியை யாரோ தொலைத்துவிட்டார்களாம்.

நுவரெலியா. ஏப்ரல். காலை ஏழேகால்.
குதிரைப் பந்தயத் திடலோரம்
முப்பத்தொரு பழைய கார்கள்,
வரிசை என்று சொல்ல முடியாத ஒரு வரிசையில்
பனி வழிய நின்றன.

மொரிஸ் மைனரை எடுத்தேன்.
மூக்கு பூசணியாய் ஊதிப்போய்
பின்பக்கம் கடலைக்கொட்டையாய்ச் சுருங்கியது.
திரையை எட்டிப் பார்த்த சொந்தக்காரர்
"சளி பிடிச்ச மாதிரி இருக்கே" என்றார்.
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

மஞ்சள் மினி கோபமாய் வந்தது.
லான்சர்கள் மூன்று, மூன்றிலும் ஒரே ஸ்டிக்கர்.
வொக்ஸ்வேகன் ஏற்கெனவே உருண்டை,
அதை இந்த லென்ஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சக்கரத்தின் குரோம் மூடிக்கு முன்னால் குந்தினேன்.
நான் எடுப்பதற்குள் அது என்னை எடுத்துவிட்டது:
பானைத் தலை, தீக்குச்சிக் கால்கள்,
தோளில் வந்து சரிந்த பிதுருதலாகல மலை.

நூற்றெண்பது பாகைக்குள்
யாரையும் வராதே என்று சொல்ல இயலாது.
என் சப்பாத்து நுனி வரும்.
சோளம் அவிப்பவளின் அடுப்பு ஆவி வரும்.
ஒரு ஜீப்புக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்திருப்பவனின்
இரண்டு பாதங்கள் வரும்,
படத்திலேயே பெரியவை அவைதான்.

கடைசியாகப் பச்சை ஒஸ்டின்.
ஐம்பத்தேழாம் ஆண்டு. பேராதனையிலிருந்து
தானே ஓட்டி வந்திருந்தார் சந்தமாலி மிஸ்.
ரம்பொடையில் ரேடியேட்டர் கொதித்ததாம்,
திறக்கப்போய்ச் சுட்ட கட்டைவிரலில்
பற்பசை பூசியிருந்தார்.

அப்போது பார்த்துப் பனிமூட்டம் இறங்கியது.
கார் எங்கோ தூரத்தில், மேகத்துக்குள், பச்சை வண்டுபோல.
கிட்டப் போனேன்.
இன்னும் தூரத்தில்தான்.
கிட்டப்

டிக்.

அரிசியில் கல் கடித்தது மாதிரி ஒரு சத்தம்.
இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.
அவர் பொனட்டைத் தடவினார், நான் கண்ணாடியை.
அவர் பக்கம் ஒன்றுமில்லை.
என் பக்கம், விளிம்பில்,
வெட்டிப்போட்ட நகம்போல் ஒரு கீறல்.

"மல்லி, எவ்வளவு வரும்?" என்றார் சிங்களத்தில்.
தெரியாது என்றேன். அது உண்மை.
பத்து திருமண வீட்டுச் சம்பளம் என்று
மனசுக்குள் ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் உண்மை.
ஃபிளாஸ்க் மூடியில் இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்தார்.
"இந்தக் காரில் அடிபடாத தகரம் ஒன்றுமில்லை" என்றார்,
"பெயின்ட் பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும்
இடது மேல் மூலையில் ஒரு கோடு.
பட்டத்து நூலா என்றார் ஒருவர்.
பகல் நிலா என்றாள் மினிக்காரரின் மகள்,
அவளுக்கு மட்டும் ஆமாம் சொன்னேன்.

இரவு நிஸ்தார் லென்ஸை பல்புக்கு நேரே பிடித்து
மெதுவாகத் திருப்பினான். ஒரு முறை. மறுமுறை.
திட்டவில்லை.
"எவ்வளவு தூரம் விட்டாய்?"

கையை விரித்தேன்,
சாண் அளந்து காட்டுவதுபோல.
பிறகு பெருவிரலையும் சுண்டுவிரலையும்
ஒன்றாகச் சேர்த்தேன்.