பதினொன்றாவது சொல்

கம்பெனிச் செய்திக்குப் பத்துச் சொல் இலவசம்.
பதினொன்றிலிருந்து காசு.
சுவோலம்பி நிலையத்தின் தந்தி அறையில்
இந்த விதி ஒற்றை ஆணியில் தொங்குகிறது
வெப்பமானிக்குப் பக்கத்தில்.

அன்றிரவு வெப்பமானிக்குள் பாதரசம்
குமிழில் சுருண்டு படுத்துவிட்டது.
ஃபின்லாந்துக் குளிருக்கு
அதற்குக் கீழே எண் இல்லை.

பதினேழாம் வண்டிக்கு வழி கேட்டு
அடுத்த நிலையம் தட்டியது.
'பாதை தெளிவு' என்று தட்டினேன்.
பொய்யில்லை.
என் ஜன்னலுக்கு எட்டிய மட்டும்
நிலவில் இரண்டு கோடு,
ஒன்றையொன்று தொடாமல்,
தெளிவாகத்தான் கிடந்தன.

வளைவுக்கு விதிப்படி ஒரு நீள ஊதல்.
தானேலி மட்டும் அதற்குப் பின்னால்
குட்டியாய் ஒன்று சேர்ப்பான்.
எதற்கென்று நான் கேட்டதில்லை.
அவன் சொன்னதுமில்லை.
அன்று நீள ஊதல் கேட்டது.
மற்றதற்காகப் பேனாவைக் கீழே வைத்தேன்.

இடி விழுந்தாற்போல் என்று
ஹெல்சிங்கி பத்திரிகை பிறகு எழுதிற்று.
இல்லை.
பெரிய மாடொன்று
வைக்கோலில் சாய்ந்து படுக்கிற சத்தம்.
பனி அத்தனை ஆழம்.

லாந்தரோடு ஓடினேன்.
பீட்டர்ஸ்பர்க் போகவேண்டிய வெண்ணெய்ப் பீப்பாய்கள்
சரிவெங்கும் உருண்டு கிடந்தன.
ஜனங்கள் அவற்றின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்
திருமணத்துக்கு வந்தவர்கள் போல,
ஒருவரும் அழாமல்.
எஞ்சின் பக்கவாட்டில் படுத்து
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடி வந்து தட்டினேன்:
பதினேழாம் வண்டி கவிழ்ந்தது நாற்பதாம் கல்
மருத்துவர் போர்வைகள் பாரந்தூக்கி அனுப்பவும் அவசரம்.
பத்து.
விரல் நிற்கவில்லை.
தானேலி, என்றது.

விடியும் வரை அவனை எடுக்க முடியவில்லை.
கொதிகலனுக்கு அந்தப் பக்கம் அவன்.
இந்தப் பக்கம் இருபத்தாறு பேர்
முதுகை ஒட்டி வைத்துக்
குளிர் காய்ந்தோம்.
வேறு சூடு எங்குமில்லை.
உடைந்த பீப்பாய் ஒன்று அதன்மேல் சாய்ந்து
வெண்ணெய் உருகத் தொடங்கியது.
எனக்குப் பசித்தது.
இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

உலைக்கு விறகிடும் ஏமேலி பிழைத்தான்.
பத்தொன்பது வயசு, ஒரு காது மட்டும் பனியில் கறுத்திருந்தது.
காத்திருப்பு அறையில் உட்கார வைத்தோம்.
கை அடங்கவில்லை.
குனிகிறது, பிர்ச் கட்டையொன்றை எடுக்கிறது,
திரும்பி, இல்லாத உலைக்குள் எறிகிறது.
'போதும்' என்றேன்.
'மேடு வருகிறதே' என்றான்.

ஏப்ரலில் விசாரணை.
உடைந்த தண்டவாளத்தின் இரண்டு துண்டுகள்
மேஜையில், பச்சைத் துணிமேல்.
பாதை பார்க்கும் விக்டோரியைக் கேட்டார்கள்:
முந்தின மாலை தட்டிப் பார்த்தாயா?
பார்த்தேன்.
என்ன சொல்லிற்று?
நன்றாக இருக்கிறேன் என்றது, ஐயா.
சுத்தியலை எடுத்து ஒரு துண்டைத் தட்டினான்.
ஜன்னல் கண்ணாடி வரை போய் வந்தது அந்த நாதம்.
மற்றதைத் தட்டினான்.
அதே நாதம்.
எழுத்தர் எழுதாமல் பேனாவைத் துடைத்தார்.

குற்றம் குளிரின் மேல் என்று தீர்ப்பு.
குளிர் அதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தது.
கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர்.

பிறகு என் முறை.
தந்திச் சுருளை விரித்தார் கணக்கு அதிகாரி.
பதினொன்றாவது சொல்லைச் சுற்றி
சிவப்பு மையில் வட்டம்.
'இந்தப் பெயரால் நிர்வாகத்துக்கு என்ன பயன்?'
யோசித்துப் பார்த்தேன்.
'ஒன்றுமில்லை' என்றேன்.
'உறவினரா?'
'இல்லை.'

சம்பளத்தில் பன்னிரண்டு பென்னி பிடித்தார்கள்.
ரசீது கேட்டேன்.
சற்றுத் தயங்கி எழுதிக் கொடுத்தார்:
உபரிச் சொல், ஒன்று.

புது ஓட்டுநர் விதிப்படி ஊதுகிறான்.
ரசீது அதே ஆணியில் தொங்குகிறது.
காற்றடித்தால் இரண்டு தாளும்
சுவரில் தட்டுகின்றன,
முதலில் நீளமாய் ஒன்று.