நாலரை அந்தர்

ஆலைத் தராசில் முதலில் ஏறியது கோடரி.
ஆறு இறாத்தல், பிடியோடு.
போன வருசமென்றால் கோடரி எங்கள் கணக்கிலேயே இல்லை.
கார்த்திகைச் சூறாவளி காட்டைப் படுக்கப் போட்ட பிறகு
குடும்பிமலைக்கு அப்பால்
வழி என்று சொல்ல ஒன்றுமில்லை.
முதிரையும் பாலையும் வீரையும்
ஒன்றின் மேல் ஒன்றாய்க் கிடக்குதாம்,
மூடை அடுக்கத் தெரியாதவன் அடுக்கிய மாதிரி.

செங்கலடி ஆலைக்குக் கூரை இன்னும் வரவில்லை.
பகலில் போடிமாரின் நெல்லை நிறுப்பேன்.
இரவில் அரிக்கன் லாம்பைக் கொளுவிவிட்டு
மூன்று பேர் நாலு நாள் தாங்குவதற்கானதை.
அரிசி பதினெட்டு.
கருவாடு இரண்டு.
சீனி வேண்டாமென்று எடுத்து வெளியே வைத்தேன்;
கண்ணாப்போடி என் முகத்தைப் பார்க்காமலே
திருப்பி உள்ளே வைத்தான். ஒன்றரை.

துவக்கு அவனுடையது.
வெள்ளாமையில் பன்றி விழாதிருக்க என்று
கச்சேரியில் பதிந்து எடுத்தது.
தோட்டா ஒன்பது,
வெள்ளத்தில் நனைந்த பெட்டியிலிருந்து தப்பியவை.
ஒவ்வொன்றையும் காதடியில் பிடித்துக் குலுக்குகிறான்.
எது வெடிக்கும் எது வெடிக்காது என்று
வெடித்துப் பார்த்தால்தான் தெரியும்.
பார்த்தால் பிறகு அது இராது.

மீராலெவ்வை ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வந்தான்.
அவன் கொண்டுவந்த சாமான் ஒன்றுதான்: கத்தி.
விழுந்ததன் உயிர் போகுமுன்னம்
ஓடிப்போய்க் கழுத்தில் வைக்கவேண்டும்,
இல்லாவிட்டால் அவன் வீட்டுக்கு ஒரு எலும்பும் இல்லை.
சரிந்த மரங்களுக்கு மேலால் எப்படி ஓடுவாய் என்றேன்.
பதில் சொல்லவில்லை.
ஆலைக் கூரையின் முறிந்த வளைகள்
உமி மேட்டைச் சுற்றிக் குவிந்து கிடந்தன.
சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு
இருட்டுக்குள் அவற்றின் மேல் பாய்ந்து பாய்ந்து ஓடினான்,
நாற்பதை எட்டப்போகிற ஆள்.
நான் வாய்விட்டு எண்ணினேன்.
மூன்றாம் தரம் முழங்கால் அடிபட்டது.
"மறுகா எண்ணு" என்றான், எழும்பி.

சண்டை வந்தது உப்பில்.

கொம்பன் மரை ஒன்று நாலரை அந்தர்.
தலையும் தோலும் குடலும் எலும்பும் கழித்தால் இரண்டு.
கீறி, உப்பிட்டு, பரண் கட்டிப் புகையில் வாட்டினால் ஒன்று.
மூன்று தோளுக்கு ஒன்று காணும்.
அதற்கு உப்பு இருபது இறாத்தல் என்றேன்.
என் கணக்கில் பிழை வராது.
பதினொரு வருசமாகப் போடிமார் கத்திப் பார்த்தும் வரவில்லை.

கண்ணாப்போடி துவக்கை ஓரமாய்ச் சாத்திவிட்டு எழும்பினான்.
"காட்டுக்குள்ள இன்னும் காலே வைக்கல்ல,
அதுக்கு உப்பும் போட்டுட்டாயா?"
மரை என்று அவன் வாயால் வரவில்லை.
"சோத்துக்கு ஒரு கை உப்புக் காணும்.
கிடைச்சா மத்ததப் பார்ப்பம்."
"கிடைச்சாப் பார்க்க
அங்க என்ன சங்கக் கடையா இருக்கு?"

மீராலெவ்வை முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டே
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.
புயலுக்கு அடுத்த கிழமை
வாவியில் ஊதி மிதந்த மாடுகளைக்
கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தவர்கள் நாங்கள் மூவரும்.
அன்றைக்கு நிறை கேட்டவர் ஒருவருமில்லை.
அதை அவன் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன்.

கடைசியில் பத்து இறாத்தல்.
அரை மரைக்கான உப்பு.
அப்படியொரு மரை எந்தக் காட்டிலும் இல்லை.
இருந்தும் மூவரும் தலையாட்டினோம்.

விடிய மூன்று மணிக்கு
பழக்கத்தில் அந்தப் பையை மீண்டும் தராசில் வைத்தேன்.
வாவிக் காற்றைக் குடித்து
கால் இறாத்தல் கூடியிருந்தது.
நிறைத்துண்டில் பத்து என்று எழுதி
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

கண்ணாப்போடி பையைத் தோளில் ஏற்றி
ஒருதரம் குலுக்கிப் பார்த்தான்.
"என்னகா, பாரமாக் கிடக்கு?"
"நடக்க நடக்கக் குறையும்" என்றேன்.
மீராலெவ்வை ஏற்கெனவே ரோட்டுக்கு ஏறிவிட்டான்,
லேசாக நொண்டிக்கொண்டு.