கடிக்குதா?

பதினொரு நாள் துறைமுகத்தில் கிடந்தன பொதிகள்.
கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியாம்.
சுங்க அதிகாரி ஒரு பிடி பிய்த்து முகர்ந்தார்:
வைக்கோல்.
கூட்டிவந்த நாயும் முகர்ந்தது,
கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.
அதன் பிறகுதான் முத்திரை.

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி,
அனஸ்தாசியா மிஸியின் வீடு.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம்.
பகலில் அவ தலைக்குமேல் கொங்கிறீற்
தோசைக்கல்.

பத்தொன்பது வருசம் கண்ணாடிப் பஞ்சு அடைத்த கை இது.
மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும்
இரவில் தோலுக்குள் ஊசிகள் விழித்திருக்கும்.
மகள் ஓடிவந்தால்
"பொறு, அப்பா குளிச்சிட்டு வாறன்."
அவள் நடை பழகியதே
குளியலறைக் கதவுவரைக்கும்தான்.

இன்று சணல்நாருக்குள் முழங்கைவரை விட்டேன்.
ஏணியிலிருந்து றஸீன் கேட்டான்:
"கடிக்குதா மச்சான்?"
பதில் சொல்லாமல் இன்னொரு பாளம் எடுத்தேன்.
சட்டங்களுக்கு நடுவே அது தானாக விரிந்து
இறுகி உட்கார்ந்தது,
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தவன் மாதிரி.

விலையைக் கேட்காதீர்கள்.
கறையான் வருமா என்று மிஸி கேட்டா.
சுண்ணாம்பு கலந்திருக்கு என்றேன்.
ஒரு மழைக்காலம் போனால்தான்
எனக்கும் தெரியும்.

படுக்கையறை முடிந்த மறுநாள்
மூன்று மணிவரை கதவு திறக்கவேயில்லை.
படியில் குந்தியிருந்து
இரண்டாம் பிளேன்ரீயும் குடித்தோம்,
மெல்லக் கதைத்தபடி.

வீட்டுக்குப் போனேன்.
மகள் ஓடிவந்தாள்.
வாய் பழக்கத்தில் "பொறு" என்றுவிட்டது.
அவளும் பழக்கத்தில் நின்று
துவாயை நீட்டினாள்.